மாநிலவாரி மருத்துவச் செலவு: கணக்கில் நிற்கும் டாலர் யாருடைய பையிலிருந்து வந்தது?

நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலவாரி நுகர்வுச் செலவு அட்டவணையில் ‘மருத்துவச் சேவைகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஒரு மாநிலத்துக்கு நேரே தலைக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று இருந்தால், அங்கே வசிப்பவர்கள் அத்தனை பணத்தையும் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்களா? மாநிலத்துக்கு மாநிலம் அந்தத் தொகை ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது? இந்த வரியை வைத்துக் கட்டுரை எழுதப் போவதாகச் சொல்லியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. அந்த ‘இல்லை’ சரியாகப் புரிந்துவிட்டால் இரண்டாவது கேள்வியின் பாதிச் சிக்கலும் அவிழ்ந்துவிடும். அது புரியாமல் எழுதப்பட்ட செய்திகளையும் அறிக்கைகளையும் நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் அநேகமாக எல்லாமே ‘நுகர்வோர் செலவு’ என்ற சொல்லை அப்படியே நம்பித்தான் தடுமாறுகின்றன.

நாட்டு மொத்த நுகர்வுக் கணக்கு பல பத்தாண்டுகளாக இருந்து வந்தாலும், பணியகம் அதை மாநிலவாரியாகப் பிரித்து வெளியிடத் தொடங்கியது 2014-இல்தான். உணவு, உடை, வாகனம், வீட்டு வாடகை, போக்குவரத்து, மருத்துவம் எனச் செலவினம் வாரியாக, ஒவ்வொரு மாநிலத்திலும் வசிப்பவர்கள் ஓர் ஆண்டில் நுகர்ந்த பொருள்களுக்கும் சேவைகளுக்கும் டாலர் மதிப்பு போடப்படுகிறது. மருத்துவச் சேவை என்ற தலைப்பின் கீழ் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், ஆய்வகங்கள், வீட்டுக்கு வந்து பராமரிப்பவர்கள், மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியோர் அளித்த சேவை அடங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘நுகர்ந்த’ என்பது. பணத்தை யார் கொடுத்தார் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. சேவை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே கேட்கிறது. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கட்டினாலும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு கட்டினாலும், அவரே கட்டினாலும், எல்லாம் அந்த நோயாளியின் நுகர்வாகவே எழுதப்படுகிறது. கணக்கியல் நோக்கில் இதில் தவறு ஏதுமில்லை. ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு சேவையைப் பெற்றது என்று அறிய வேண்டுமானால் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் ‘செலவு’ என்ற சொல்லைக் கேட்டதும் பணப்பையை நினைக்கும் வாசகரை இது வழிதவற வைக்கிறது.

ஒரு ரசீதை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. முறை மட்டும் அப்படியே நடைமுறையில் உள்ளது. முழங்கால் வலிக்காக ஒருவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார். சில வாரங்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு தாள் வருகிறது. அதன் மேல்புறத்தில் ‘இது பில் அல்ல’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். முதல் கட்டத்தில் மருத்துவமனை கேட்ட தொகை, 2,400 டாலர். அடுத்ததில் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் முன்பே ஒப்பந்தம் செய்துகொண்ட விலை, 1,100 டாலர். இடையிலுள்ள 1,300 டாலரை யாரும் கட்டப்போவதில்லை. அது தள்ளுபடி என்ற பெயரில் காற்றில் கரைந்துவிடும். இவருடைய டிடக்டிபிளில், அதாவது காப்பீடு பங்கு கொடுக்கத் தொடங்கும் முன் ஆண்டுக்கு இவரே கட்டவேண்டிய தொகையில், இன்னும் 300 டாலர் மிச்சம் இருக்கிறது. அது போக மீதமுள்ள 800 டாலரில் 20 சதவீதம், அதாவது 160 டாலர், இவர் பங்கு. ஆகமொத்தம் இவர் கையிலிருந்து போவது 460. நிறுவனம் கொடுப்பது 640. மாநிலவாரி நுகர்வுக் கணக்கில் ஏறுவது 2,400-உம் அல்ல, 460-உம் அல்ல. மருத்துவமனைக்கு உண்மையில் வந்து சேர்ந்த 1,100. அந்த மனிதரிடம் ‘ஸ்கேனுக்கு எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்டால் 460 என்பார். பதறிப்போன அவர் வீட்டார் 2,400 என்பார்கள். பணியகம் 1,100 என்று எழுதிவைக்கும். மூன்றுமே உண்மைதான், ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை.

அதே மனிதர் அன்று மாலை மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை இந்த வரியிலேயே வராது. மருந்து பொருளாகக் கருதப்படுவதால் பொருள்களுக்கான பகுதியில் தனியே இருக்கிறது. அவர் மாதாமாதம் கட்டும் பிரீமியமும் முழுதாக இங்கே வராது. பிரீமியத்தில் சிகிச்சைக்குப் போன பகுதி மேலே சொன்ன 640 போன்ற தொகைகளாக ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நிறுவனத்தின் நிர்வாகச் செலவாகவும் இலாபமாகவும் தங்கிய பகுதி மட்டும் ‘நிதிச் சேவைகளும் காப்பீடும்’ என்ற வேறொரு தலைப்பில் போய் உட்காரும். முன்னாள் படைவீரர்களுக்கு அரசே நடத்தும் மருத்துவமனைகளில் அரசுச் செலவில் தரப்படும் சிகிச்சை அரசின் நுகர்வாக எழுதப்படுகிறதே தவிர, தனிநபர் நுகர்வாக எழுதப்படுவதில்லை. ஆகவே முன்னாள் படைவீரர்களும், அரசின் பழங்குடியினர் மருத்துவ அமைப்பைச் சார்ந்தவர்களும் மிகுந்த மாநிலங்களில் மக்கள் பெறும் சிகிச்சையின் ஒரு பகுதி இந்த வரியின் கண்ணிலேயே படாது.

இன்னொரு எடுத்துக்காட்டு இதைவிட அழுத்தமானது. சேமிப்பெல்லாம் கரைந்துபோன ஒரு மூதாட்டி பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகேர் பணம் தருவதில்லை என்பதால் மெடிகெய்டு அவருக்காக மாதந்தோறும் ஆயிரக்கணக்கான டாலரைக் கட்டுகிறது. அவருக்கு வரும் சிறு ஓய்வூதியத்தில் சொற்பமான கைச்செலவுத் தொகை போக மீதியை அவரும் இல்லத்துக்கே கொடுத்துவிட வேண்டும். கணக்கில் அவர் அந்த மாநிலத்தின் மிகப்பெரிய ‘நுகர்வோர்’களில் ஒருவர். ஒரு டாலரைக்கூட விரும்பிய வழியில் செலவழிக்க முடியாத ஒருவரை அந்தச் சொல்லால் அழைப்பது எனக்கு இன்றுவரை மனத்துக்கு ஒவ்வாததாகவே இருக்கிறது.

அந்த மெடிகெய்டு பணமும் முழுக்க அந்த மாநிலத்துடையது அல்ல. அதில் நடுவண் அரசின் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் வாய்பாடு, இதே பணியகம் வெளியிடும் மாநிலவாரித் தனிநபர் வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டின் தனிநபர் வருமானத்தால் வகுத்து, வரும் விகிதத்தை வர்க்கமாக்கி, 0.45-ஆல் பெருக்கினால் கிடைப்பது மாநிலத்தின் பங்கு. மீதி நடுவண் அரசுடையது. நாட்டின் சராசரி வருமானமே கொண்ட மாநிலத்துக்கு நடுவண் பங்கு 55 சதவீதம் வரும். எவ்வளவு செல்வமான மாநிலமானாலும் 50-க்குக் கீழே போகாது, எவ்வளவு ஏழ்மையானாலும் 83-க்கு மேலே ஏறாது. மிசிசிப்பிக்கு அது 77 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்றவற்றுக்கு 50. அதாவது மிசிசிப்பியின் ‘நுகர்வோர் செலவில்’ கணிசமான தொகை நாடெங்கும் உள்ள வரிசெலுத்துவோரிடமிருந்து வந்தது. அதை மிசிசிப்பி மக்களின் சுமை என்று எழுதினால் உண்மையைத் தலைகீழாக்கியது போலாகும்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் விகிதம் தெளிவாகத் தெரியும். மெடிகேர், மெடிகெய்டு திட்டங்களை நடத்தும் நடுவண் அமைப்பான சி.எம்.எஸ். வெளியிடும் தேசிய மருத்துவச் செலவுக் கணக்கின்படி 2023-இல் மொத்தச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம்; தலைக்கு 14,570 டாலர். இதில் மக்கள் சிகிச்சை பெறும்போது நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது ஏறத்தாழ 50,600 கோடி டாலர், அதாவது பத்தில் ஒரு பங்கு. பிரீமியம் இந்தப் பத்தில் ஒரு பங்குக்கு வெளியே நிற்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, வசிக்கும் இடமா, சிகிச்சை பெற்ற இடமா என்ற கேள்வி. மினசோட்டாவின் ராசெஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்குக்கும் ஒஹையோவில் உள்ள கிளீவ்லாண்ட் கிளினிக்குக்கும் நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் வசிப்பவர் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் பாஸ்டன் மருத்துவமனைக்குப் போவது அன்றாட நிகழ்ச்சி. நுகர்வுக் கணக்கு வசிப்பிடத்தைப் பின்பற்றுகிறது. எனவே அயோவாவில் வசிப்பவர் மேயோவில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை அயோவாவின் கணக்கில் சேர வேண்டும், அதற்கான திருத்தமும் செய்யப்படுகிறது. மாநில உற்பத்திக் கணக்கிலோ அதே அறுவை சிகிச்சை மினசோட்டாவின் வருவாய். சி.எம்.எஸ். இரண்டு வகையாகவும் அட்டவணை தருகிறது. எது எதுவென்று பார்க்காமல் ஓர் அட்டவணையிலிருந்து ஒரு மாநிலத்தையும் மற்றதிலிருந்து இன்னொரு மாநிலத்தையும் எடுத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

இனி ஏற்றத்தாழ்வு. சி.எம்.எஸ். வசிப்பிடவாரிக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். அதில் மருந்தும் சேர்வதால் தொகைகள் பணியகத்தின் வரியோடு அப்படியே பொருந்தா. 2020-இல் நாட்டின் சராசரி தலைக்கு 10,191 டாலர். மாநிலங்களில் மிகக் குறைந்தது யூட்டா, 7,522. மிக அதிகம் நியூயார்க், 14,007. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2014-இல், அதே யூட்டா 5,982 டாலருடன் கடைசியில் இருந்தது. ஆனால் முதலிடத்தில் இருந்தது அலாஸ்கா, 11,064. கடைசி இடம் அசையாமலும் முதலிடம் மாறியும் இருப்பதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. குறைந்த செலவுக்கும் கூடிய செலவுக்கும் காரணங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை அல்ல.

யூட்டாவின் காரணம் பெரும்பாலும் வயது. நாட்டிலேயே இளைய மாநிலம் அது. மக்களின் இடைநிலை வயது 32-ஐ ஒட்டி இருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் அது 45-ஐ ஒட்டி. வயது எந்த அளவுக்குச் செலவைத் தள்ளுகிறது என்பதற்கும் 2020-ஆம் ஆண்டுக் கணக்கே சான்று: 65 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தலைக்கு 22,356 டாலர், வேலை செய்யும் வயதினருக்கு 9,154, குழந்தைகளுக்கு 4,217. குழந்தைகள் நிறைந்த மாநிலத்தில் தலைக்குச் செலவு குறையாமல் என்ன செய்யும்? புகைப்பழக்கம் குறைவாக இருப்பதும் யூட்டாவுக்குத் துணை நிற்கிறது. ஆகவே யூட்டாவைக் காட்டி ‘சிக்கனமாக மருத்துவம் நடத்துவது எப்படி’ என்று பாடம் சொல்கிறவர்கள் முதலில் வயது வேறுபாட்டைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

அலாஸ்காவின் காரணம் விலை. பரந்த நிலம், சிறிய மக்கள்தொகை, விரல்விட்டு எண்ணக்கூடிய சிறப்பு மருத்துவர்கள். இந்த நிலையில் மருத்துவரோடு விலைபேசக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிடிமானமே இருக்காது. இதோடு 2004-இல் வந்த ஒரு மாநில விதியும் சேர்ந்துகொண்டது. நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது விலை ஒப்பந்தம் செய்துகொள்ளாத, மருத்துவருக்குக் காப்பீட்டு நிறுவனம், அந்த வட்டாரத்தில் கேட்கப்படும் கட்டணங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் எண்பதாவது சதமானத்தில், அதாவது நூறில் எண்பதாவது இடத்தில், நிற்கும் தொகையை அடிப்படையாகக் கொண்டே பணம் தர வேண்டும் என்றது அந்த விதி. நோயாளிக்கு மீதிப் பில் வந்து விழாமல் காக்கும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் மருத்துவர்கள் குறைவாக உள்ள ஊரில் அந்த அளவை அவர்களே உயர்த்திக்கொள்ள முடியும். கேட்கும் கட்டணம் ஏற ஏற, கொடுக்கவேண்டிய தொகையும் தானே ஏறும். விலையேற்றத்துக்கு இந்த விதியும் ஒரு காரணம் என்ற விமர்சனம் வலுத்து, 2024 தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது.

நியூயார்க் வேறு கதை. அங்கே மக்களின் வயது நாட்டுச் சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல. கூலியும் வாடகையும் அதிகம், அதனால் எந்தச் சேவையும் விலை கூடியது என்பது உண்மை. அதற்கு மேல், அந்த மாநிலத்தின் மெடிகெய்டு தாராளமானது. முதியோரையும் உடல் இயலாதோரையும் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க ஆள் அமர்த்தும் செலவைப் பெரிய அளவில் ஏற்கிறது. வேறொரு மாநிலத்தில் வேலையை விட்டுவிட்டு மகள் சம்பளமில்லாமல் தாயைக் குளிப்பாட்டி உணவூட்டினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. நியூயார்க்கில் அதே வேலைக்குச் சம்பளம் பெறும் பராமரிப்பாளர் வந்தால் முழுத் தொகையும் மருத்துவச் சேவை நுகர்வாக ஏறிவிடும். அந்த இரு வீடுகளிலும் நடந்த பராமரிப்பு ஒன்றேதான். மாநிலங்களை வரிசைப்படுத்தும்போது என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான், ஏனென்றால் குறைந்த எண்ணை நாம் இயல்பாகவே பாராட்டிவிடுகிறோம்.

டெக்சாஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒபாமா ஆட்சியில் வந்த 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் மெடிகெய்டை ஏழைத் தொழிலாளர்களுக்கும் விரிக்கச் சொன்னது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2014-இல் விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தபோது டெக்சாஸ் சேரவில்லை, இன்றுவரை சேரவில்லை. ஃபுளோரிடா, ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா முதலிய மாநிலங்களும் அதே வரிசையில் நிற்கின்றன. டெக்சாஸில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை; 2006-இலேயே தன் காப்பீட்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்ட மாசசூசெட்ஸில் இல்லாதவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. காப்பீடு இல்லாதவர் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்ட அந்த ஆண்டில் அவருடைய ‘நுகர்வு’ பூஜ்யம். செய்யப்படாத சிகிச்சையை இந்த அட்டவணை சிக்கனத்திலிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு எழுதுகிறவருடையது.

வருமானமும் காரணந்தான், செல்வமான மாநிலங்கள் கூடுதலாகச் செலவிடுகின்றன என்ற அளவில் அதைச் சொல்லிவிட்டு நகரலாம். அதைவிடப் பேச வேண்டியது விலை நிர்ணயம். தனியார் காப்பீட்டின் கீழ் வரும் நோயாளிகளுக்காக மருத்துவமனைகள் பெறும் விலையை, அதே சேவைக்கு மெடிகேர் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டு ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து ஆய்வு வெளியிடுகிறது; 2022-ஆம் ஆண்டுத் தரவின்படி தனியார் விலை சராசரியாக மெடிகேர் விலையின் 254 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. மாநிலத்துக்கு மாநிலம் இது பெரிதும் மாறுகிறது: ஆர்கன்சா போன்ற சில மாநிலங்களில் 200-க்கும் கீழே, வேறு சிலவற்றில் 300-க்கும் மேலே. மருத்துவமனைகள் ஒன்றையொன்று விழுங்கி ஒரே குழுமமாக நிற்கும் நகரத்தில் விலை இறங்க வழியில்லை. இதற்கு மாறாக மேரிலாந்து தனி வழி சென்றது. 1971-இல் அங்கே விலை நிர்ணய ஆணையம் ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது; 1977-இல் நடுவண் அரசும் ஒப்புக்கொண்டதால், மெடிகேராயினும் தனியார் காப்பீடாயினும் ஒரு மருத்துவமனையில் ஒரு சேவைக்கு எல்லோருக்கும் ஒரே விலைமுறை என்றானது. 2014 முதல் மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று மொத்த வருவாயே வரையறுக்கப்பட்டது. படுக்கையை நிரப்பினால்தான் வருமானம் என்ற நிர்ப்பந்தத்தைத் தளர்த்துவதுதான் அதன் நோக்கம்.

விலையும் வயதும் போக, மருத்துவர்களின் பழக்கம் என்ற ஒன்றும் இருக்கிறது. ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்ஸோன் இருவரும் 1973-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெர்மாண்ட் மாநிலத்தைப் பற்றி எழுதிய ஆய்வு இதைத்தான் முதன்முதலில் பளிச்சென்று காட்டியது. சின்னஞ்சிறு மாநிலம், மக்களிடையே பெரிய வேறுபாடும் இல்லை. ஆனால் டான்சில் அறுவை சிகிச்சை ஒரு வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு 13, இன்னொன்றில் 151. குழந்தைகளின் தொண்டை ஒரு மலைச்சரிவுக்கும் மறுசரிவுக்கும் இடையே அப்படி மாறிவிடாது; மாறியது அங்குள்ள மருத்துவர்களின் முடிவு. மில்டன் ரோமர் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் அதற்கு முன்பே, படுக்கை போட்டால் அது நிரம்பிவிடும் என்று மருத்துவமனைகளைப் பற்றிக் கவனித்திருந்தார். இந்தச் சிந்தனையின் விளைவாகவே புதிய மருத்துவமனை கட்டத் ‘தேவைச் சான்றிதழ்’ வேண்டும் என்ற சட்டம் 1964-இல் நியூயார்க்கில் தொடங்கி நாடெங்கும் பரவியது. மாநிலச் சராசரி என்பது இத்தகைய உள்வேறுபாடுகளை எல்லாம் கூட்டி மழுங்கடித்த ஒரே எண் என்பதால், அதை ஒரு மாநிலத்து மருத்துவர்களின் குணமாகப் படிப்பது சரியாகாது.

அதிகச் செலவு அதிக ஆரோக்கியத்தைத் தருகிறதா என்று அடுத்த கேள்வி எழும். 2020-இல் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட வாழ்நாள் ஹவாயில் 80.7 ஆண்டுகள், மேற்கு வர்ஜீனியாவில் 72.8, மிசிசிப்பியில் 71.9. ஹவாயின் தலைக்கான மருத்துவச் செலவு நாட்டுச் சராசரியைச் சுற்றியே இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் செலவு சராசரிக்கு நன்றாகவே மேலே. வாரத்துக்கு 20 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிலாளிக்கு முதலாளி காப்பீடு தரவேண்டும் என்று 1974-இலேயே ஹவாய் சட்டம் போட்டுவிட்டது. மேற்கு வர்ஜீனியாவிலோ முதுமை, வறுமை, சுரங்கத் தொழில் விட்டுச்சென்ற நுரையீரல் நோய், ஓபியாய்டு எனும் போதைக்கு அடிமையாக்கும் வலி மருந்துகளின் சீரழிவு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து மருத்துவமனை வாசலில் நிற்கின்றன. அங்கே அதிகச் செலவு நோயின் விளைவு. செலவு கூடியதால் ஆயுள் குறைந்தது என்றும் படிக்க முடியாது, செலவு வீண் என்றும் படிக்க முடியாது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது 2020-ஐத் தனியே எடுத்து வையுங்கள். கொரோனா பரவிய அந்த வசந்த காலத்தில் தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன, பல் மருத்துவமனைகள் மூடப்பட்டன, அதனால் நுகர்வுக் கணக்கில் மருத்துவச் சேவை குறைந்தது. அதே ஆண்டில் தேசிய மருத்துவச் செலவுக் கணக்கு ஏறத்தாழ 10 சதவீதம் உயர்ந்தது. முரண்பாடு போலத் தோன்றும். உண்மையில் மருத்துவமனைகள் மூடிப்போகாமல் இருக்க நடுவண் அரசு வழங்கிய நிவாரணமும் பொதுச் சுகாதாரச் செலவும் இரண்டாவது கணக்கில் சேர்ந்தன, முதலாவதில் நுகர்வாகச் சேரவில்லை.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதையும் தெரிந்துகொண்டால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். 2-இலும் 7-இலும் முடியும் ஆண்டுகளில் எடுக்கப்படும் பொருளாதாரக் கணக்கெடுப்புதான் அடித்தளம். 2017, 2022 என்று அது வரும். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு அந்தந்த மாநிலத்தில் மருத்துவத் துறை கொடுத்த சம்பளம் போன்ற தரவுகளை வைத்து மதிப்பிடுகிறார்கள், பிறகு திருத்துகிறார்கள். எனவே ஓராண்டில் ஒரு மாநிலம் அரைச் சதவீதம் முந்தியது, பிந்தியது என்பதை வைத்துத் தலைப்பு எழுதாதீர்கள். விலைவாசி வேறுபாட்டை நீக்கிப் பார்க்கப் பணியகமே மாநில விலைச் சமநிலைக் குறியீட்டை வெளியிடுகிறது. ஆனால் அதில் பொருள்கள், வீட்டுவசதி, மின்சாரம் முதலிய வசதிகள், பிற சேவைகள் என்ற பிரிவுகளே உள்ளன. மருத்துவம் ‘பிற சேவைகளில்’ கலந்துவிடுகிறது. அலாஸ்காவின் மருத்துவ விலையை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கழிக்க அந்தக் குறியீடு உதவாது.

உங்களுக்கு வேண்டியது குடும்பங்களின் சுமை என்றால் வேறு இடங்களுக்குப் போக வேண்டும். தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் நுகர்வோர் செலவு ஆய்வு குடும்பங்களையே கேட்டு எழுதுவது. 2023-இல் சராசரிக் குடும்பம் மருத்துவத்துக்கு 6,159 டாலர் செலவிட்டது, மொத்தச் செலவான 77,280 டாலரில் 8 சதவீதம், அதில் பெரும்பகுதி பிரீமியம். ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் தனித்தனியே முடிவு சொல்லும் அளவுக்கு அதன் மாதிரி பெரிதல்ல; கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் போன்ற சில பெரிய மாநிலங்களுக்கே அது கிடைக்கும். நடுவண் அரசின் மருத்துவச் செலவுக் குழு ஆய்வு, முதலாளிகளிடம் எடுக்கும் கணக்கெடுப்பின் வழியே, மாநிலவாரியாகப் பிரீமியம் எவ்வளவு, தொழிலாளி பங்கு எவ்வளவு, டிடக்டிபிள் எவ்வளவு என்று ஆண்டுதோறும் தருகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன். வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டுக்கு 2024-இல் நாடு தழுவிய சராசரி, கே.எஃப்.எஃப். என்ற மருத்துவக் கொள்கை ஆய்வு அமைப்பின்படி, 25,572 டாலர்; அதில் தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது 6,296. மீதி 19,276 டாலரை முதலாளி கட்டுகிறார் என்று எழுதுவது வழக்கம். காப்பீட்டுக்குப் போகாதிருந்தால் அதில் பெரும்பகுதி சம்பள உயர்வாக வந்திருக்கும் என்பதே பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கருத்து. அந்தப் பணமும் தொழிலாளியுடையதுதான், அவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது, அவ்வளவே.

கடைசியாக மருத்துவக் கடன். கே.எஃப்.எஃப். செய்த பகுப்பாய்வின்படி 2021 நிலவரத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பெரியவர்கள் குறைந்தது 22,000 கோடி டாலர் மருத்துவக் கடன் வைத்திருந்தார்கள். கடன் உள்ளவர்களின் பங்கு மிகுந்த மாநிலங்களில் தெற்கு டகோட்டா, மிசிசிப்பி, மேற்கு வர்ஜீனியா ஆகியவை இருந்தன. மிகக் குறைந்த பங்கு ஹவாயிலும் தலைநகர் வாஷிங்டனிலும். தலைக்கு மருத்துவச் செலவில் நாட்டின் முன்வரிசையில் நிற்பது அதே வாஷிங்டன்தான். உங்கள் கட்டுரையில் ஒரே ஓர் அட்டவணைக்குத்தான் இடம் என்றால், தலைக்குச் செலவு, காப்பீடு இல்லாதோர் பங்கு, கடன் உள்ளோர் பங்கு என்ற மூன்று நெடுவரிசைகளையும் ஒன்றாகப் போடுங்கள். முதல் நெடுவரிசையைத் தனியே போட வேண்டாம்.